அட்டவணையின் 14ஆம் வரி: சேலம் வட்டார ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

வணக்கம்.

சேர்வராயன் மலைக்கு ஆண்டுதோறும் மாணவர்களை ஆய்வுக்கு அனுப்பி வைக்கும் நெறியாளர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் அந்த மலையில் பிறந்தவள். நாகலூர் பக்கம் எங்கள் ஊர். தாவரவியல் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, இப்போது சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். அதனால் கேள்வித்தாளோடு மலையேறி வருகிறவர்களின் சங்கடமும் எனக்குத் தெரியும், திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்கிறவர்களின் மனதும் தெரியும்.

2017 கோடையில் ஓர் ஆய்வு மாணவி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தாத்தா ஊரில் கைவைத்தியம் பார்த்தவர். மூன்று நாள் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்து ஓரம், ஓடைக்கரை, கோயில் காடு என்று நடந்தார். பாட்டி ராகிக் களி கிண்டிப் போட்டாள். விடுமுறையில் இருந்த நானும் கூடவே போனேன். வேலியில் செங்காந்தள் பூத்திருந்தது. தாத்தா நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இதும் பேரு கண்வலிக்கிழங்கு. விஷம்மா, வாயில வெச்சிறாத. தேளு கொட்டுனா கிழங்க ஒரசி கடிவாயில பூசுவோம். அவ்வளவுதான்.” அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தாத்தா 2021இல் இறந்துவிட்டார். 2023இல் வேறு எதையோ தேடும்போது அந்த மாணவி எழுதிய ஆய்வுக் கட்டுரை இணையத்தில் கண்ணில் பட்டது. முதலில் சந்தோஷம்தான். எங்கள் ஊர்ப் பெயர் அச்சில் இருந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு. தாத்தாவின் பெயரைத் தேடினேன், நன்றியுரையில்கூட இல்லை. சரி, போகட்டும் என்று அட்டவணைக்கு வந்தேன். 14ஆம் வரியில் செங்காந்தள். பயன்படும் பகுதி: கிழங்கு. பயன்படுத்தும் முறை: அரைத்து, தினம் இருவேளை உள்ளுக்கு.

செங்காந்தள் கிழங்கில் கொல்கிசின் என்ற நஞ்சு இருக்கிறது. மூட்டுவாதத்துக்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில், கவனமாகக் கொடுக்கிற மருந்தும் அதுதான். அளவு மீறினால் உயிர் போகும். நம் மாநிலப் பூ அது என்பதால் தாவரவியல் படிக்காதவர்களுக்கும் தெரிந்த செடி. அதன் கிழங்கை இருவேளை சாப்பிடலாம் என்று, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதாக, ஒரு கட்டுரை சொல்கிறது. தலைப்புக்குக் கீழே மாணவியின் பெயர். அதையடுத்து, தொடர்புக்குரிய ஆசிரியர் என்ற நட்சத்திரக் குறியோடு நெறியாளரின் பெயர்.

அந்த மாணவியைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் அழுதுவிட்டார். தன் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தார். அதில் “வெளிப்பூச்சு” என்றுதான் இருந்தது. நடந்தது இதுதான். வேறொரு மலையைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்த ஒரு கட்டுரையின் அட்டவணையை அப்படியே எடுத்து, செடிகளின் பெயரை மட்டும் மாற்றி நிரப்பியிருக்கிறார். நிரப்பும்போது ஒரு வரி கீழே நழுவியிருக்கிறது. 13ஆம் செடிக்கு உரிய முறை 14ஆம் செடிக்குப் போய்விட்டது. “ரெண்டு பேப்பர் வந்தாத்தான் சினாப்சிஸ்ல கையெழுத்துன்னு கைடு சொல்லிட்டார் அக்கா. பத்து நாள்தான் இருந்துச்சு” என்றார். சினாப்சிஸ் என்பது ஆய்வேட்டுக்கு முன்னால் கொடுக்கும் சுருக்கம். நெறியாளர் அந்தக் கட்டுரையைப் படித்தாரா என்று கேட்டேன். பேசாமல் இருந்தார்.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருடைய பெயரையோ, கல்லூரியையோ, ஆய்விதழையோ இங்கே சொல்லப்போவதும் இல்லை. என் பெயரைப் போட்டால் ஊரை வைத்து அவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதையும் கீழே போடவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே கட்டுரையின் முன்னுரையில் இன்னொரு வாக்கியம் இருந்தது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் கேரளத்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள், வீட்டில் மலையாளம் பேசுபவர்கள் என்று. நாங்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்கிறவர்கள் என்பதால் மலையாளி என்று பெயர் வந்ததாகத்தான் ஊரில் சொல்வோம். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் வந்தார்கள், மூத்தவர் சேர்வராயனிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் தங்கினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். சேலத்தில் ஏற்காடு பஸ்ஸில் ஏறி ஒண்டிக்கடையில் இறங்கி ஒருவரிடம் பேசியிருந்தாலே தெரிந்திருக்கும். கட்டுரையின் அடியில் “இரு மதிப்பாய்வாளர்களால் பரிசீலிக்கப்பட்டது” என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த இருவரில் ஒருவராவது முதல் பக்கத்தைப் படித்திருந்தால் இந்த வாக்கியத்தில் பேனா நின்றிருக்கும்.

அந்த ஆய்விதழுக்கு எழுதினேன். இணையதளத்தில் ஒரு வெளிநாட்டு முகவரி இருந்தது, போன் எண் மட்டும் நம்மூர் எண். மூன்று மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டபோது, திருத்தம் வெளியிட 1,500 ரூபாய் கட்டணம் என்றார்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒரு பேராசிரியருக்குத் தனியாக எழுதினேன். தன் பெயர் அங்கே இருப்பதே தனக்குத் தெரியாது என்று வருத்தத்தோடு பதில் போட்டார். அதற்குள் அதே அட்டவணை இன்னும் இரண்டு கட்டுரைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் ஊர்ப் பெயரில் இருந்த எழுத்துப்பிழையும் கூடவே போயிருந்தது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஒழுங்காக நடக்கும் ஆய்விதழில் இது எப்படி நடந்திருக்க வேண்டும் என்பதற்கு எழுதி வைத்த நெறி இருக்கிறது. 1997இல் பிரிட்டனில் மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கிய கோப் என்ற வெளியீட்டு நெறிக் குழுவின் வழிகாட்டுதல்கள் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கின்றன. பிழை சிறியது என்றால் திருத்தம் வெளியிட வேண்டும். முடிவுகளையே நம்ப முடியாது என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். பிழை தெரியாமல் நடந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்பது அடுத்த கேள்வி. தெரியாமல் நடந்திருந்தாலும் நம்பகம் போய்விட்டால் திரும்பப் பெறத்தான் வேண்டும். நம்மிடம் அது அவமானமாக மட்டுமே பார்க்கப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 14ஆம் வரி தவறு என்று அந்த நெறியாளர் எழுதியிருந்தால் அவரைத் தேடிப் போய்க் கும்பிட்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நானும் காசு கொடுத்திருக்கிறேன். என் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. சேலத்தில் நான் தீசிஸ் பைண்டிங் செய்த கடையிலேயே ஒரு எண் கொடுத்தார்கள். 2,500 ரூபாய் அனுப்பினேன். நான்காம் நாள் கட்டுரை வெளியாகி, கூடவே வண்ணச் சான்றிதழும் வந்தது. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அன்று நிம்மதியாக இருந்தது. இன்று என் கட்டுரைப் பட்டியலில் அதைச் சேர்ப்பதில்லை, ஆனால் இணையத்தில் அது இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதை எழுதிய ஆறு மாத உழைப்பு உண்மையானது. நல்ல இடத்துக்கு அனுப்பியிருந்தால் யாராவது திட்டித் திருத்தியிருப்பார்கள், நானும் கற்றுக்கொண்டிருப்பேன். அந்த வாய்ப்பைத்தான் 2,500 ரூபாய் கொடுத்துத் தொலைத்தேன்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. ஆனால் நம் நாட்டின் பங்கு சிறியதும் இல்லை. 2013இல் ஜான் பொஹானன் என்ற செய்தியாளர் சயின்ஸ் இதழுக்காக ஒரு சோதனை செய்தார். கல்பாசி போன்ற ஒரு பாசியிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய்ச் செல்லைத் தடுக்கிறது என்று, வேண்டுமென்றே பெரிய ஓட்டைகள் வைத்து ஒரு போலிக் கட்டுரை தயாரித்து, சின்னச் சின்ன மாற்றங்களோடு 304 ஆய்விதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலிருந்து இயங்கியவற்றில் ஏற்றவை 64, மறுத்தவை 15. மூலிகை, புற்றுநோய் என்ற இரண்டு சொல்லும் ஒரே தலைப்பில் வரும் கட்டுரைகள் நம் கல்லூரிகளில் எத்தனை என்று நினைத்தபடிதான் அந்தக் கணக்கைப் படித்தேன். பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. வைலி பதிப்பு நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. திரும்பப் பெற அங்கே ஆள் இருந்தார்கள் என்பது ஒரு ஆறுதல். எங்கள் 14ஆம் வரிக்கு அதுவும் இல்லை.

நம் பக்கத்து விதிகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2009இலும் 2016இலும் விதி வைத்தது. 2010இல் வந்த ஏபிஐ என்ற மதிப்பெண் முறையில் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று ஆனது. கேட்பவர் பெருகியதும் கடைகள் முளைத்தன. 2017இல் வெளியிட்ட அங்கீகாரப் பட்டியலிலிருந்து அடுத்த ஆண்டே 4,305 இதழ்களை யூஜிசி நீக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அந்தப் பட்டியலில் நுழைந்த 1,009 இதழ்களை பூஷண் பட்வர்தனும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆராய்ந்து கரண்ட் சயின்ஸ் ஆய்விதழில் எழுதினார்கள். தேறியவை 112. அந்த இதழ்களைப் பரிந்துரைத்தவர்கள் வெளியார் யாரும் இல்லை, நம் துறைகளின் கூட்ட அறைகளில் உட்கார்ந்திருந்தவர்கள். பிறகு 2019இல் கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இதழை எடைபோடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள்.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம் அதுதான். பட்டியலில் இருக்கிறது, அதனால் சரி என்று இனி சொல்ல முடியாது. ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறதே என்று சில மாணவர்கள் காட்டுவார்கள். அது தொடர் வெளியீடுகளை அடையாளம் காண உதவும் எட்டு இலக்க எண், தரச் சான்று கிடையாது. ஓர் இதழின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டிய கணக்கு இம்பாக்ட் ஃபாக்டர். அந்தப் பெயரில் பக்கத்தின் தலையில் மின்னும் எண்ணை விற்பதற்கே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த இதழ் நல்லது என்று 23 வயது மாணவிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் வாசிக்கிற, வகுப்பில் மேற்கோள் காட்டுகிற இதழ்கள் எவையென்று நினைத்துப் பார்த்தாலே போதும், உங்கள் மாணவர் வாட்ஸ்அப்பில் காட்டும் இதழ் அதில் வராது.

அப்புறம், கட்டாயம் பற்றி. 2022 நவம்பரில் வந்த யூஜிசியின் பிஎச்.டி. விதியில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உங்கள் பல்கலைக்கழகமோ துறையோ அதைத் தன் விதியில் இன்னும் வைத்திருந்தால், ஒன்று கேட்கிறார்களா இரண்டு கேட்கிறார்களா என்று பாருங்கள். ஒன்று கேட்கிற இடத்தில் நீங்கள் இரண்டு கேட்காதீர்கள். பத்து நாள் கெடு வைக்காதீர்கள். நல்ல இதழில் முதல் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். பத்து நாளில் வேண்டும் என்று சொல்லும்போது, எங்கே போய் வாங்குவது என்பதையும் சேர்த்துத்தான் மாணவருக்குச் சொல்கிறோம்.

கட்டுரையில் உங்கள் பெயர் இருந்தால், தயவுசெய்து அதைப் படியுங்கள். ஒவ்வொரு வரியையும். ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு, இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஒருவரை ஆசிரியராகப் போடலாம் என்று மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு சொல்கிறது. நெறியாளர் என்பதற்காக மட்டும் பெயர் போடுவது நம்மிடம் மரியாதையாக நினைக்கப்படுகிறது. அந்த மரியாதைக்குப் பின்னால் 14ஆம் வரியும் உங்களுடையதாகிவிடுகிறது.

எழுத்துத் திருட்டைப் பற்றி யூஜிசியின் 2018 விதி இருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒப்பிடும் மென்பொருள் சோதனையில் பத்து சதவீதம் வரை ஒற்றுமை என்றால் தண்டனை இல்லை, அறுபதைத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனால் எல்லோருடைய கண்ணும் அந்தப் பத்தில் மட்டும் நிற்கிறது. எங்கள் அட்டவணை அந்தச் சோதனையில் தேறிவிட்டது, செடிகளின் பெயர் மாறியிருந்ததால். தமிழ்க் கட்டுரைகளின் நிலை இன்னும் மோசம். யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரை மென்பொருளுக்குத் தமிழாகவே தெரியாது, ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். இரண்டு சதவீதம் என்று அறிக்கை வரும். நெறியாளர் கண்ணால் படிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

ஆய்விதழே வேண்டாம் என்று சொல்கிறேன் என எண்ணிவிடாதீர்கள். 1995இல் மஞ்சள் தூளால் காயம் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. சேலத்துச் சந்தையில் மஞ்சள் விற்கிற யாரும் சிரித்திருப்பார்கள், அவர்களுடைய பாட்டி காயத்தில் போட்ட மஞ்சள் பற்று அது. ஆனால் காப்புரிமை அலுவலகத்தில் பாட்டி சொன்னாள் என்றால் எடுபடாது, எழுத்து வேண்டும். நம் நாட்டின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய ஆவணங்களைத் தேடிக் கொண்டுபோய் வைத்தது. அவற்றில் ஒன்று, 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. 1997இல் காப்புரிமை ரத்தானது. 1953இல் அதை எழுதியவருக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருக்காது. கவனமாக எழுதினார், நேர்மையான ஒரு இதழ் அதை அச்சிட்டது, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நம் எல்லோருக்கும் உதவியது. தாத்தாவிடம் இந்தக் கதையை ஒருமுறை சொன்னேன். அடுத்த மாணவி வந்தால் இன்னும் நிதானமாகச் சொல்லணும் என்றார். நாளைக்கு சேர்வராயன் மலையின் செடி ஒன்றுக்கு அப்படி ஒரு வழக்கு வந்தால், நம்மிடம் இருக்கும் கட்டுரைகளில் எதை எடுத்துக்கொண்டு போவது?

சொன்னவர்களுக்கு உரியதைக் கொடுத்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் அகத்தியமலைக் காணிப் பழங்குடிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சையிலிருந்து திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்து விஞ்ஞானிகள் மருந்து உருவாக்கினார்கள். உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது. அதில் குறைகளும் சச்சரவுகளும் இருந்தன. ஆனாலும் சொன்னவர்கள் யார் என்பது மறைக்கப்படவில்லை. நம் மலையில் தகவல் கொடுத்தவர்கள் “வயது 60க்கு மேல், ஆண்கள் 12, பெண்கள் 5” என்ற ஒரு வரியோடு முடிந்துபோகிறார்கள். பெயர் போடச் சம்மதமா என்று அவர்களிடம் கேளுங்கள். சிலர் வேண்டாம் என்பார்கள், விட்டுவிடுங்கள். என் தாத்தாவிடம் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார். ஒப்புதல் படிவம் என்று ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கைநாட்டு வாங்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தமிழில் வாசித்துக் காட்டி, எங்கே அச்சாகும், யார் படிப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அந்த ஒரு கட்டுரையின் நெறியாளரும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவதாக இங்கே கேட்கிறேன். அந்த இதழ் திருத்தம் போடாது என்று எனக்குத் தெரியும். உங்கள் துறையின் இணையப் பக்கத்தில், நீங்கள் அந்தக் கட்டுரையைப் பட்டியலிட்டிருக்கும் இடத்துக்குக் கீழே, “அட்டவணையில் 14ஆம் வரி பிழை, கிழங்கு நஞ்சு, உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கூகுளில் தேடுகிறவருக்கு அதுவாவது கிடைக்கும். மற்றவர்கள், எங்கள் மலையைப் பற்றி உங்கள் பெயரில் வந்த கட்டுரைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், குறிப்பாக அட்டவணைகளை.

இனி எழுதப்போகிறவற்றுக்கு ஒரு வழி சொல்கிறேன். அச்சுக்கு அனுப்பும் முன் அட்டவணையைத் தமிழில் ஒரு தாளில் எடுத்து, மாணவரிடம் கொடுத்து மறுபடியும் மலைக்கு அனுப்புங்கள். சொன்னவர்களிடமே வாசித்துக் காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஊரில்தான் இருப்பேன், வாசிக்க உதவுகிறேன். தாத்தா இல்லை, ஆனால் அவரோடு காடு சுற்றிய என் அம்மாவுக்கு அந்தச் செடிகள் எல்லாம் தெரியும். காலை முதல் பஸ்ஸில் வந்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையில் பிறந்த ஓர் உதவிப் பேராசிரியை